மரச்செக்கு எண்ணெயும் பெரிய பிராண்டும்: போன் வழியாக உள்ளூரில் விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாட்ஸாப், யூபிஐ, கூகுள் மேப் மூன்றும் சேர்ந்து உள்ளூர் வியாபாரத்தில் பெரிய பிராண்டுகளின் பிடியைத் தளர்த்தியிருக்கின்றன. எந்தப் பொருளில், எவ்வளவு தூரத்துக்கு, எங்கே அது நின்றுபோகிறது என்பதை மரச்செக்கு எண்ணெயை உதாரணமாக வைத்து இங்கே விளக்குகிறோம். மசாலாப் பொடி, இட்லி மாவு, கருப்பட்டி, தின்பண்டம் செய்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பெரிய பிராண்டுகளின் பிடி உண்மையிலேயே தளர்ந்திருக்கிறதா?

எல்லாப் பொருளிலும் இல்லை. பற்பசை, சோப்பு, பிஸ்கட், குழந்தைகளுக்கான பால்மாவு போன்றவற்றை லட்சக்கணக்கில் தயாரித்தால்தான் விலை இறங்கும். அந்த இடத்தில் சிறு தயாரிப்பாளர் மோதுவது வீண் செலவு. எங்கிருந்து வந்தது, யார் செய்தது, எப்போது செய்தது என்று வாங்குபவர் கேட்கும் பொருள்களில்தான் நிலைமை மாறியிருக்கிறது.

பெரிய பிராண்டின் பலம் மூன்று இடங்களில் இருந்தது. முதலாவது கடை அலமாரி. கம்பெனி, ஸ்டாக்கிஸ்ட், டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஊர் ஊராகப் போகும் சங்கிலி இல்லாமல் மளிகைக் கடைக்குள் நுழையவே முடியாது. இரண்டாவது விளம்பரம். மூன்றாவது நம்பிக்கை: முகம் தெரியாத ஒருவர் செய்த பொருளை வாங்குகிறவருக்கு அந்தப் பெயர்தான் உத்தரவாதம். 2016-ல் வந்த யூபிஐயும் 2018 ஜனவரியில் வந்த வாட்ஸாப் பிசினஸ் செயலியும் முதல் இரண்டுக்கும் ஆகும் செலவை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டன. மூன்றாவதை எந்தச் செயலியும் தராது. சிறு தயாரிப்பாளர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

தயாரிப்பவரும் வாங்குபவரும் நேராகச் சந்திப்பது நமக்குப் புதிதல்ல. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையின் அடிப்படையும் அதுவே. அது காலையில் சில மணி நேரம் ஒரே இடத்தில் நடப்பது. போனுக்கு அந்த வரம்பு இல்லை.

2017-ல் வாட்ஸாப் செய்திகளாலேயே வெளிநாட்டு கோலாக்கள் விழுந்தன என்கிறார்களே?

விழவில்லை, தடுமாறின. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தது. அதன் தொடர்ச்சியாக, மார்ச் 1 முதல் பெப்சி, கோக கோலா பானங்களை விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. 1916-ல் தொடங்கப்பட்ட காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோவைத் தேடி வாங்கச் சொல்லும் செய்திகள் போன் போனாகப் பரவின.

ஆனால் பெப்சியும் கோக கோலாவும் இன்றும் கடைகளில் இருக்கின்றன. வாங்கும் ஆசை போன் வழியாக ஒரே நாளில் ஊரெல்லாம் பரவிவிடும். பாட்டில், நிரப்பும் இயந்திரம், வண்டி, கடையில் வைக்கும் குளிர்பெட்டி ஆகியவை அந்த வேகத்தில் வராது. பல கடைகளில் குளிர்பெட்டியே கோலா கம்பெனி கொடுத்ததுதான். உங்கள் பொருளைப் பற்றி ஒரு வீடியோ திடீரென்று பரவினாலும் இதே சிக்கல் வரும். 50 பேருக்குச் செய்யும் திறன் இருக்கும்போது 500 ஆர்டர் எடுத்தால், அடுத்த மாதம் அந்த 50 பேரும் இருக்க மாட்டார்கள். தினமும் எத்தனை லிட்டர் முடியும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, அதற்கு மேல் வருவதைக் காத்திருப்புப் பட்டியலில் போடுங்கள்.

ரீஃபைண்ட் எண்ணெய் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது விலையில் எப்படிப் போட்டி போடுவது?

போட்டி போடவே கூடாது. பெரிய ஆலைகள் ஹெக்சேன் கரைப்பானைக் கொண்டு, புண்ணாக்கில் ஒரு சதவீத அளவுக்கு மட்டுமே எண்ணெய் மிஞ்சும்படி பிழிந்துவிடுகின்றன. செக்கில் கணிசமான எண்ணெய் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். விலை வித்தியாசத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். வாடிக்கையாளரிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். கீழே உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காக; உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் 325 ரூபாய். மின்சாரம், ஆள்கூலி, தேய்மானம் 30. பாட்டில், மூடி, லேபிள் 15. மொத்தம் 370. இதில் ஒன்றரை கிலோ புண்ணாக்கை 40 ரூபாய் வீதம் விற்றால் 60 ரூபாய் திரும்பும். ஆக அடக்கவிலை 310.

370 ரூபாய்க்கு நேராக விற்றால் கையில் 60 நிற்கும். மளிகைக் கடைக்கு 10 சதவீதம் விட்டால் 23. 18 சதவீதக் கமிஷன் எடுக்கும் ஒரு தளத்தில் போட்டால் கமிஷனே சுமார் 67 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 79-ஐத் தொடும். லிட்டருக்கு 18 ரூபாய்க்கு மேல் கைநட்டம். எண்ணெய் அதேதான், விலையும் அதேதான். எந்த வழியில் விற்றோம் என்பதில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது.

புண்ணாக்கை மறந்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் விலையைக் கூட்டி வைத்து வாடிக்கையாளரை இழக்கிறார்கள். புண்ணாக்குக்கும் தனி வாட்ஸாப் பட்டியல் வையுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் ஒருமுறை பழகிவிட்டால் தவறாமல் வாங்குவார்கள்.

வாட்ஸாப் பிசினஸை எப்படி அமைப்பது?

தனி சிம் வாங்குங்கள். சொந்த எண்ணில் தொடங்கினால் வீட்டுப் பேச்சும் ஆர்டரும் கலந்து, பாதி ஆர்டர் கண்ணில் படாமல் போகும். முகவரி, கடை நேரம், வரைபட இடம் மூன்றையும் நிரப்புங்கள். கேட்டலாக்கில் 500 பொருள் வரை போடலாம், ஆனால் உங்களுக்குப் பத்து போதும். அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என்று அளவு வாரியாகத் தனித்தனியே, விலையோடு போடுங்கள். "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்று எழுதினால், மெசேஜ் செய்யாமல் நகர்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

உரையாடல்களுக்குக் குறி ஒட்டும் லேபிள் வசதியில் "புது ஆர்டர்", "பணம் பாக்கி", "அனுப்பியாச்சு", "திரும்ப வாங்கும் நாள்" என்று நான்கு போதும். இதில் நான்காவதுதான் வருமானம் தருவது. மாதம் இரண்டு லிட்டர் வாங்கும் குடும்பத்துக்கு 25-ஆம் நாள் ஒரு வரி அனுப்புங்கள்: "அக்கா, வெள்ளிக்கிழமை கடலை ஆட்டுறோம், உங்களுக்கு ரெண்டு லிட்டர் எடுத்து வைக்கவா?" இதற்குக் கிடைக்கும் பதில் எந்தச் சலுகை போஸ்டருக்கும் கிடைக்காது.

முன்பதிவு வாங்கி ஆட்டுவது இன்னொரு பெரிய வசதி. செக்கில் 20 கிலோ பருப்பு போட்டால் சுமார் 8 லிட்டர் கிடைக்கும். 100 குடும்பத்துக்கு இரண்டிரண்டு லிட்டர் என்றால் மாதம் 200 லிட்டர், 500 கிலோ பருப்பு, 25 முறை ஆட்ட வேண்டும். புதன்கிழமைக்குள் ஆர்டர், வெள்ளி ஆட்டுதல், இரண்டு மூன்று நாள் தெளியவிடுதல், அதன் பிறகு விநியோகம் என்று வாரத்தை வகுத்துக்கொண்டால் சரக்கு தேங்காது. மாதக்கணக்கில் கிடங்கிலும் அலமாரியிலும் சரக்கை வைத்து விற்கும் பெரிய பிராண்டால் இதைச் செய்ய முடியாது.

குரூப் நல்லதா, பிராட்காஸ்ட் நல்லதா?

பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி. குரூப்பில் ஒருவர் கிளப்பும் புகார் எல்லோரின் புகாராகிவிடும். அதோடு எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண் வாடிக்கையாளர்கள் பலர் இதற்காகவே வெளியேறுகிறார்கள்.

ஆனால் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். "200 பேருக்கு அனுப்பினேன், 30 பேர்தான் பார்த்தார்கள்" என்றால் பெரும்பாலும் காரணம் இதுவே. முதல் பாட்டிலைக் கொடுக்கும்போதே உங்கள் தொடர்பு அட்டையை வாட்ஸாப்பில் அனுப்பி, "சேமித்துக்கொண்டால் ஆட்டும் நாள் தகவல் வரும்" என்று சொல்லுங்கள்.

எங்கிருந்தோ எண்களை விலைக்கு வாங்கி மொத்தமாக அனுப்பாதீர்கள். பெறுபவர்கள் புகார் அழுத்தினால் எண்ணே முடக்கப்படும். அதிகாரபூர்வமற்ற வாட்ஸாப் செயலிகளுக்கும் இதே கதிதான்.

யூபிஐயில் பணம் வாங்குவதில் எங்கே ஏமாறுகிறார்கள்?

கடைக்காரருக்கு யூபிஐ கட்டணம் 2020 ஜனவரி 1 முதல் பூஜ்யம் என்பதால் சில்லறைத் தொகைக்கும் தயங்காமல் வாங்கலாம். ஏமாற்று மூன்று வகையில் வருகிறது. போலி ஸ்கிரீன்ஷாட்: படத்தை நம்பாமல் உங்கள் செயலியில் வரவைப் பார்த்த பிறகே பார்சலைக் கொடுங்கள். கியூஆர் ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டுவது: தினமும் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துவிடலாம். "கூடுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்ற அழைப்பு: வங்கிக் கணக்கில் உண்மையில் வந்ததா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் (PIN) எண் தேவையே இல்லை. யாராவது போடச் சொன்னால் உங்கள் பணம் போகப் போகிறது.

வேறொரு சிக்கலும் உண்டு. மோசடியில் சிக்கிய பணம் யாரோ ஒருவர் கை வழியாக உங்களுக்கு வந்தால், சைபர் குற்றப் புகாரின் பேரில் உங்கள் கணக்கிலும் தடை விழலாம். தொழிலுக்குத் தனிக் கணக்கு வைத்து, ஒவ்வொரு வரவுக்கும் பில் போட்டு வைத்திருந்தால், அது நியாயமான விற்பனை என்று வங்கியிடமும் போலீசிடமும் காட்ட முடியும். நீங்களே ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

கூகுள் மேப்பில் பெயர் வந்தால் போதுமா?

சரியான வகையில் வர வேண்டும். "கடை" என்று பொதுவாகப் போடாமல் எண்ணெய் ஆலை, எண்ணெய்க் கடை போன்ற நெருக்கமான வகையைத் தேர்ந்தெடுங்கள். உறுதிப்படுத்த வீடியோ கேட்கலாம்: தெருப் பலகை, கடைப் பெயர்ப் பலகை, உள்ளே செக்கு ஓடுவது ஆகிய மூன்றையும் ஒரே தொடர்ச்சியில் காட்டுங்கள். காசு கொடுத்து மதிப்புரை எழுத வைக்காதீர்கள். மோசமான மதிப்புரைக்குக் கோபப்படாமல், என்ன நடந்தது, என்ன மாற்றினோம் என்று இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். புதிதாக வருபவர்கள் அந்தப் பதிலையும் படிக்கிறார்கள்.

ஓஎன்டிசியிலும் பத்து நிமிட டெலிவரி செயலிகளிலும் சேரலாமா?

இரண்டும் வேறு வேறு. ஓஎன்டிசி 2021 டிசம்பர் இறுதியில் தொடங்கப்பட்ட, லாபநோக்கற்ற நிறுவனம் நடத்தும் திறந்த பிணையம். விற்பவர் ஒரு செயலியில் இருப்பார், வாங்குபவர் வேறொரு செயலியில் இருப்பார், இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரே கம்பெனியின் கையில் எல்லாம் இல்லை என்பது நல்ல ஏற்பாடு. அதன் பலவீனமும் அங்கேதான்: பார்சல் உடைந்தால் விற்பவர் செயலி, வாங்குபவர் செயலி, டெலிவரி நிறுவனம் என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. சேருவதற்கு முன் உங்கள் விற்பனைச் செயலியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மொத்தப் பிடித்தம் எத்தனை சதவீதம், திரும்பி வரும் சரக்குக்குச் செலவு யாருடையது.

பத்து நிமிட செயலிகள் அவர்களுடைய கிடங்கில் உங்கள் சரக்கை முன்கூட்டியே வைக்கச் சொல்பவை. பணம் வர வாரங்கள் ஆகும், விற்காதது திரும்பும், தேடலில் மேலே வர விளம்பரக் கட்டணமும் உண்டு. பழைய அலமாரிச் சண்டை போன் திரைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அங்கே வாங்குபவரின் எண்ணும் உங்களுக்குக் கிடைக்காது, அது தளத்தின் சொத்து. எங்கள் கருத்து: மொத்த விற்பனையில் கால் பங்குக்கு மேல் எந்த ஒரு தளத்தையும் நம்பக் கூடாது.

என்னென்ன பதிவும் லேபிளும் வேண்டும்?

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு அல்லது உரிமம்; அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். எது என்பது உங்கள் ஆண்டு விற்பனையைப் பொறுத்தது; விண்ணப்பிக்கும் அன்று உள்ள வரம்பைத் தளத்திலேயே பாருங்கள். 14 இலக்க எண் கிடைக்கும், அது லேபிளில் இருக்க வேண்டும். அதோடு சைவப் பொருள் என்று காட்டும் பச்சைக் குறி, தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, தயாரித்த நாள், எதற்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி (பேட்ச்) எண், எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச விலை, ஒரு மில்லி அல்லது ஒரு லிட்டர் என்ன விலை என்ற அலகு விலை, புகார் செய்ய எண். கடலை ஒவ்வாமை தரும் பொருள் என்பதால் அதையும் குறிப்பிடுவது நல்லது. எண்ணெயில் அளவோடு எடையும் போடுங்கள். கடலை எண்ணெய் லிட்டருக்கு சுமார் 910 கிராம்.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமையல் எண்ணெயை உதிரியாக ஊற்றி விற்கக் கூடாது, மாநில அரசு விலக்கு அளித்தால் தவிர. "பாத்திரம் கொண்டு வாருங்கள், ஊற்றித் தருகிறோம்" என்று வாட்ஸாப்பில் விளம்பரம் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பருப்பைக் கூலிக்கு ஆட்டித் தருவது விற்பனை அல்ல.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "சர்க்கரை நோய் குணமாகும்", "மாரடைப்பு வராது" என்று எழுதாதீர்கள். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்பதும் வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது, அதைத் தனிச் சிறப்பாகக் காட்டுவது வாங்குபவரைத் திசைதிருப்புவது. சான்றிதழ் இல்லாமல் "ஆர்கானிக்" என்று அச்சிடாதீர்கள்.

ஜிஎஸ்டியில் பொருள் விற்பவருக்கு, மாநிலத்துக்குள் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பாட்டில் விற்றாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை. பதிவு இல்லாமல் செய்யக் கூடாது. 2023 அக்டோபர் முதல், பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்களும் ஒரு சேர்க்கை எண் பெற்று மாநிலத்துக்குள் இணையத் தளங்களில் விற்கலாம்.

வாடிக்கையாளர் புகாரில் எது உண்மை, எது புரிதல் குறை?

அடியில் கசடு தங்கியது: போதிய நாள் தெளியவிடவில்லை. அடுத்த தொகுதியில் ஒரு நாள் கூட்டுங்கள். தேங்காய் எண்ணெய் உறைந்தது: சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் இயல்பு, மார்கழிக்கு முன்பே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். சிக்கு வாடை: வெயில் படும் இடத்தில் வைத்தது, ஈரப் பாட்டிலில் நிரப்பியது, பழைய பருப்பு என்று மூன்றில் ஒன்று. தொகுதி எண்ணை வைத்து அதே நாள் வாங்கிய மற்றவர்களிடமும் கேளுங்கள். மூவர் சொன்னால் தவறு உங்களுடையது, முழுத் தொகுதியையும் திரும்ப எடுங்கள்.

பூஞ்சை பிடித்த கடலையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் உருவாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது. ரீஃபைண்ட் ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அந்தப் படியே இல்லை. ஆகவே பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், நிறம் மாறிய, சுருங்கிய, பூஞ்சை படர்ந்த பருப்பைக் கையால் பொறுக்கி எடுத்தே ஆக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, அந்த அறிக்கையைப் படமாக எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்புங்கள். பெரிய பிராண்டுக்குச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அது இல்லாத நாம் "இயற்கையானது" என்று மட்டும் சொல்லி மனிதர்கள் உடலோடு விளையாடக் கூடாது.

கூரியரில் எண்ணெய் கசிகிறதே?

மூடி மட்டும் போதாது, வாயில் சூட்டில் ஒட்டும் தகடான இண்டக்‌ஷன் சீல் வேண்டும். சீல் போட்டபின், கசிகிறதா என்று பார்க்க பாட்டிலைத் தலைகீழாக ஒரு இரவு வையுங்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். சூடேறினால் எண்ணெய் விரிந்து சீலைத் தள்ளும். ஒவ்வொரு பாட்டிலையும் தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டியில் நிறுத்துங்கள். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோவையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். பெட்டி பெரிதானால் காற்றுக்கும் சேர்த்துக் காசு. பக்கத்து மாவட்டத்துக்குப் பேருந்துப் பார்சல் பெரும்பாலும் மலிவு.

மளிகைக் கடைக்காரரைத் தாண்டிப் போவது சரியா?

அவரை எதிரியாக்க வேண்டாம். அவரும் இந்த மாற்றத்தில் நசுங்குகிறவர். 2021 இறுதியில் பெரிய நிறுவனங்களின் விநியோகஸ்தர் கூட்டமைப்பே, இணையவழி மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கும் விலையை எங்களுக்கும் கொடுங்கள் என்று கம்பெனிகளுக்கு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. தெருக் கடையை ஒப்படைப்பு இடமாக்குங்கள்: ஆர்டரும் பணமும் உங்களுக்கு வரட்டும், பாட்டில் அவர் கடையில் இருக்கட்டும், பாட்டிலுக்கு 10 ரூபாய் அவருக்கு. முதலீடு இல்லாத வருமானம் என்பதால் பலர் ஒப்புக்கொள்வார்கள். வீடு வீடாக வண்டி ஓட்டும் செலவும் உங்களுக்கு மிஞ்சும்.

ஊர்ப் பெயரை லேபிளில் போடலாமா?

கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, உடன்குடி கருப்பட்டி, மணப்பாறை முறுக்கு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயரில் விற்க அந்தப் பகுதியில் செய்ய வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகவும் பதிய வேண்டும். உங்கள் சொந்தப் பெயருக்கு வணிகக் குறியீடு பதிவு செய்யுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு பத்தாண்டு செல்லும். எண்ணெய் 29-ஆம் வகுப்பு, மசாலா 30-ஆம் வகுப்பு.

பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. டாடா குழுமமே செக்கு முறை எண்ணெய்களை விற்கிறது. 2024-ல் டாடா கன்ஸ்யூமர், "ஆர்கானிக் இந்தியா" நிறுவனத்தை வாங்கியது. 2020-ல் ஐடிசி கிழக்கிந்தியாவின் சன்ரைஸ் மசாலா நிறுவனத்தை வாங்கியது. அவர்களால் உங்கள் பொருளைச் செய்ய முடியும், விலையையும் குறைக்க முடியும். ஆனால் ஆட்டிய சில நாளிலேயே வாங்குபவர் கையில் தர அவர்களால் முடியாது, எந்த ஊர்ப் பருப்பு என்று நேரில் காட்டவும் முடியாது. ஆட்டிய தேதியைப் பெரிதாக அச்சிடுங்கள், செக்கு ஓடும் நேரத்தில் யார் வந்து பார்த்தாலும் கதவைத் திறந்து வையுங்கள்.

போன் தொலைந்தால், எண் முடங்கினால் என்ன செய்வது?

அன்றைக்கே வியாபாரம் நின்றுபோகும், நகல் இல்லை என்றால். வாட்ஸாப் பேக்கப்பை மட்டும் நம்பாதீர்கள். பெயர், எண், தெரு, வழக்கமான அளவு, கடைசியாக வாங்கிய தேதி என்ற ஐந்து பத்தியோடு ஒரு விரிதாளோ நோட்டோ வைத்து, ஞாயிறுதோறும் புதுப்பியுங்கள். வாட்ஸாப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, அதன் எண்ணை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். இரண்டாவது எண் ஒன்றை இப்போதே பாட்டில் லேபிளில் அச்சிட்டு விடுங்கள். சிம் தொலைந்தால் முதல் வேலையாக சிம் கொடுத்த நிறுவனத்தை அழைத்து முடக்கச் சொல்லுங்கள். அதே எண்ணில் மாற்று சிம் வாங்கியதும் வாட்ஸாப்பை மீண்டும் பதிவு செய்யலாம். அதுவரை வரும் ஆர்டர்களை இரண்டாவது எண்ணில் எடுங்கள்.